பெயர் வைக்காத திட்டத்திலிருந்து ஒரு மடல்

யார் எந்த நிரலை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் தானாகவே கடிதம் போடும் வழக்கத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. அது அவ்வளவு கௌரவமான கதை அல்ல. பஸ்ஸில் நீங்கள் துண்டு போட்டு வைத்த சீட்டில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார் என்று கண்டக்டரே உங்களுக்கு மடல் எழுதினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் ஆரம்பித்தது.

1982-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிஷி, ஆர்சிஎஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஒரு ஃபைலின் பழைய வடிவம், புது வடிவம், நடுவே யார் எதைக் கெடுத்தார்கள் என்ற கணக்கு என எல்லாவற்றையும் அது வைத்துக்கொள்ளும். (பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் 1972-லேயே எஸ்சிசிஎஸ் என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தார். மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்வோம்.) ஆர்சிஎஸ்ஸில் ஒரு ஃபைலைத் திருத்த வேண்டுமானால் முதலில் பூட்டுப் போட வேண்டும். போட்டவர் எடுக்கும்வரை மற்றவர்கள் படிக்கலாம், திருத்த முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முக்கியமான ஃபைலைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர் இல்லாத அலுவலகம் உலகத்தில் கிடையாது. டிஷிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதனால் பூட்டை உடைக்கவும் ஒரு வழி வைத்தார்.

ஆனால் சும்மா உடைக்க முடியாது. உடைக்கப் போகிறவரிடம் ஆர்சிஎஸ் காரணம் கேட்கும். அவர் தட்டச்சு செய்து, கடைசி வரியில் ஒற்றைப் புள்ளி வைத்து முடித்தால், பூட்டியவருக்கு உடனே ஒரு மடல் போகும். இந்த ஃபைலின் இந்தப் பதிப்பில் நீங்கள் போட்ட பூட்டு உடைக்கப்பட்டது, உடைத்தவர் இன்னார், அவர் சொல்லும் காரணம் கீழே.

இந்த மடலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எந்த ஃபைல், யார், ஏன் என்ற மூன்றும் இருக்கின்றன. பெறுபவர் ஒரே ஒருவர், அதுவும் வயிறு எரியப் போகிற ஒருவர். அவர் படிப்பாரா மாட்டாரா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. இதற்குப் பிறகு வந்த முன்னேற்றங்களெல்லாம் பெறுபவர்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டும், அந்த 'ஏன்' என்பதைச் சுருக்கிக்கொண்டும் போனவைதான் என்பது என் தாழ்மையான குற்றச்சாட்டு.

ஆம்ஸ்டர்டாமுக்குப் போவோம். அங்கே வ்ரீயே பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் தன் மாணவர்கள் இருவரோடு சேர்ந்து 1984 ஜூலையிலிருந்து 1985 ஆகஸ்ட் வரை ஒரு சி கம்பைலர் எழுதினார். மாணவர்களில் ஒருவர் காலை 9 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் போகிற தங்கக்கம்பி. இன்னொருவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. க்ரூனுக்கு சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும். மூன்று பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஒரே கம்பைலரை எழுத வேண்டும். பூட்டு போடும் ஏற்பாடு இங்கே செல்லுபடியாகுமா? க்ரூன் ஆர்சிஎஸ் மேல் சில ஷெல் ஸ்கிரிப்டுகளை அடுக்கினார். யாரும் பூட்ட வேண்டாம், அவரவர் பிரதியில் அவரவர் திருத்துங்கள், முடிந்ததும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள், இடித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அப்படிச் சேர்க்கும் காரியத்துக்குத்தான் கமிட் என்று பெயர். 1986-இல் அந்த ஸ்கிரிப்டுகளை யூஸ்நெட்டில் போட்டார். 1989-இல் பிரையன் பெர்லினர் அதை சி மொழியில் திருப்பி எழுத, சிவிஎஸ் என்ற பெயரில் அது உலகத்தைப் பிடித்துக்கொண்டது.

துண்டு போடும் வழக்கம் ஒழிந்தது. கூடவே இன்னொன்றும் ஒழிந்தது. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது இப்போது யாருக்குமே தெரியாது. காலையில் வந்து பார்த்தால் உங்கள் ஃபங்ஷனுக்குள் யாரோ குடித்தனம் வைத்திருப்பார்கள்.

எனவே மடல் திரும்பி வந்தது. சிவிஎஸ் களஞ்சியத்தில் சிவிஎஸ்ரூட் என்ற டைரக்டரி உண்டு, அதற்குள் லாக்இன்ஃபோ என்று ஒரு ஃபைல். இடதுபக்கம் ஒரு பேட்டர்ன், வலதுபக்கம் ஒரு கட்டளை. யாராவது கமிட் செய்தால், பேட்டர்ன் பொருந்தும் இடத்தில் அந்தக் கட்டளை ஓடும். கமிட் செய்தவர் எழுதிய குறிப்பும் அதன் கைக்கு வரும். மெயில் கட்டளையை அங்கே வைத்து, பின்னால் மொத்தக் குழுவின் முகவரியைப் போட்டால் வேலை முடிந்தது. ஒரே ஒரு வரி. இதில் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தவர்களை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

கெட்டது இப்படித்தான். சிவிஎஸ்ஸுக்கு 'ஒரு மாற்றம்' என்ற கருத்தே கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஃபைல்கள், அவை வசிக்கும் டைரக்டரிகள். எனவே லாக்இன்ஃபோ கட்டளையை டைரக்டரிக்கு ஒருமுறை ஓட்டும். ஜனவரி முதல் தேதி ஒரு பொறுப்பான ஆசாமி உட்கார்ந்து, 40 டைரக்டரிகளில் இருக்கும் காப்புரிமை வருடத்தை மாற்றி ஒரே கமிட்டாகப் போட்டார் என்று வையுங்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் 40 மடல், நாற்பதிலும் ஒரே குறிப்பு. புத்தாண்டு வாழ்த்தைக்கூட இத்தனை தடவை யாரும் சொல்வதில்லை.

இதைச் சரிசெய்யப் பிறந்தது லாக்-அக்யூம் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட். அது செய்த தந்திரத்தை வாய்விட்டுச் சொன்னால் திருட்டு வேலை மாதிரி இருக்கும். கமிட் தொடங்குமுன் சிவிஎஸ் எல்லா டைரக்டரிகளையும் ஒரு சுற்று சுற்றிவந்து அனுமதி கேட்கும். அப்போது ஒரு கூட்டாளி ஸ்கிரிப்ட் வாசலில் நின்று, ஒவ்வொரு டைரக்டரி பெயரையும் ஒரு தற்காலிக ஃபைலில் முந்தையதன் மேலேயே எழுதிக்கொண்டு வரும். சுற்று முடியும்போது அதில் மிஞ்சியிருப்பது கடைசி டைரக்டரியின் பெயர். பிறகு நிஜ கமிட் நடக்கும்போது லாக்-அக்யூம் ஒவ்வொரு டைரக்டரியிலும் எழுந்து, 'இது கடைசியா?' என்று பார்க்கும். இல்லையென்றால் தகவலை எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். கடைசி என்றால் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மடலாகக் கட்டி அனுப்பும். நடுவழியில் கமிட் செத்துப்போனால்? தற்காலிக ஃபைல்கள் அங்கேயே அநாதையாகக் கிடக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை நம்பித்தான் பெரிய பெரிய இயங்குதளங்கள் பல வருடங்கள் ஓடின.

இன்னொரு கூத்தும் உண்டு. கமிட் நடக்கும்போது சிவிஎஸ் களஞ்சியத்தைத் தன் கைப்பிடியில் வைத்திருக்கும். மடல் எழுதும் ஸ்கிரிப்ட் அதே களஞ்சியத்திடம் திரும்பிப்போய், மாறியது என்ன என்று கேட்டால், ஸ்கிரிப்ட் முடியட்டும் என்று சிவிஎஸ் காத்திருக்க, சிவிஎஸ் விடட்டும் என்று ஸ்கிரிப்ட் காத்திருக்க, இரண்டும் அப்படியே உறைந்துவிடும். கமிட் ஆனதும் இன்னொரு பிரதியைப் புதுப்பிப்பது எப்படி என்று சொல்லும் இடத்தில் சிவிஎஸ் கையேடே இதற்கு வைத்தியம் தருகிறது. 'ஸ்லீப் 2' என்று போட்டுக் காரியத்தைப் பின்னணியில் தள்ளு என்பதுதான் வைத்தியம். இரண்டு விநாடி தூங்கி எழுந்தால் பிரச்சினை போயிருக்கும் என்பது ஒரு பொறியியல் தீர்வாக அச்சேறியது. ஃபைல் பெயரில் ஸ்பேஸ் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். ஸ்கிரிப்ட் அதை இரண்டு ஃபைலாக எண்ணிக்கொள்ளும், இரண்டுமே இருக்காது.

சரி, மடல் வந்தது. உள்ளே என்ன இருந்தது? ஆர்சிஎஸ் பூட்டு உடைப்பவரிடம் காரணம் கேட்டது. சிவிஎஸ்ஸும் கேட்கும், எடிட்டரைத் திறந்து காட்டும். ஆனால் எதுவும் எழுதாமல் மூடிவிட்டால் கோபித்துக்கொள்ளாது. 'காலியான குறிப்பு' என்ற பொருளில் தானே ஒரு ஆங்கில வாசகத்தை இருபக்கமும் மூன்று மூன்று நட்சத்திரம் வைத்து எழுதிக்கொள்ளும். இதையும் மடல் ஸ்கிரிப்ட் பவ்யமாக எடுத்து மொத்தக் குழுவுக்கும் அனுப்பும். சொல்ல ஒன்றுமில்லை என்பதை நட்சத்திரத் தோரணம் கட்டி நூறு பேருக்கு அறிவித்த காலம் அது.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக்காரர்கள் இதை வேறு மாதிரி கையாண்டார்கள். கமிட் குறிப்புக்கு ஒரு படிவமே வைத்தார்கள். யார் அனுப்பியது, யார் சரிபார்த்தது, பழைய கிளைக்கு எத்தனை நாள் கழித்து எடுத்துப் போகலாம் என்று வரிசையாக நிரப்ப வேண்டும். அந்தக் கடைசி வரியை நிரப்பினால், நாள் வந்ததும் கமிட் செய்தவருக்கே ஒரு நினைவூட்டல் மடல் வரும். ஆக, மடல் போட்ட குறிப்பு இன்னொரு மடலைப் பெற்றெடுக்கும். நிரலைத் தொகுக்கவே முடியாதபடி பில்டை உடைத்தவருக்குக் 'கூம்புத் தொப்பி' பட்டம் உண்டு. தொப்பி யாருக்கு என்பதைத் திருத்தம் போடும் கமிட் குறிப்பிலேயே எழுதுவார்கள், பெரும்பாலும் உடைத்தவரே தன் பெயரை எழுதிக்கொள்வார். அது மடலில் ஏறி எல்லோர் இன்பாக்ஸுக்கும் போகும். இந்த வரலாற்றிலேயே கமிட் மடலை எல்லோரும் ஆசையோடு திறந்து பார்த்த தருணம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் அந்தப் பெரிய சண்டை: மடலுக்குள் டிஃப் வைக்கலாமா, கூடாதா? டிஃப் என்றால் எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்ற பட்டியல். பைத்தான் திட்டத்தின் பேரி வார்சா எழுதிய சிங்க்மெயில் ஸ்கிரிப்ட் டிஃப்பைச் சேர்த்தே அனுப்பியது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் மடலில் ஃபைல் பெயர்களும் குறிப்பும் மட்டும். டிஃப் வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணம் மடலின் கனம். யாராவது ஒரு நூலகத்தை முழுதாக இறக்குமதி செய்தால் ஒரு லட்சம் வரி உங்கள் தலையில் இறங்கும். நான் டிஃப் கட்சி. வேண்டுமானால் ஓர் அளவுக்கு மேல் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் டிஃப் இல்லாத மடலைப் படிப்பவர் 'ஓஹோ' என்று சொல்லிவிட்டு அடுத்த மடலுக்குப் போவார். டிஃப் உள்ள மடலைப் படிப்பவரின் கண்ணில் அகஸ்மாத்தாகவாவது ஒரு தப்பு படும்.

2000-ஆம் ஆண்டு காலப்நெட் நிறுவனம் கார்ல் ஃபோகல் முதலானவர்களைக் கூட்டி, சிவிஎஸ்ஸுக்கு மாற்றாக சப்வெர்ஷன் வேலையைத் தொடங்கியது. இங்கே ஒரு கமிட் என்றால் ஒரு கமிட்தான். நாற்பது டைரக்டரியைத் தொட்டாலும் ஒரே எண், கமிட் ஆனதும் ஓடும் ஹூக் ஒன்றே ஒன்று, ஒரே மடல். கூட்டாளி ஸ்கிரிப்டுக்கும் தற்காலிக ஃபைலுக்கும் வேலை போயிற்று. கைக்கு ஓய்வு கிடைத்த பொறியாளர்கள் தலைப்பு வரியில் என்ன வரவேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். எண் வந்தது, பிறகு பாதை வந்தது. பாதையோ ட்ரங்க் என்ற முதன்மைக் கிளையில் ஆரம்பித்து டைரக்டரிக்குள் டைரக்டரியாக நீண்டு, விஷயம் வருவதற்குள் தலைப்பு இன்பாக்ஸின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றது.

ஒரு விஷயத்தை மட்டும் அழகாகச் செய்தார்கள். கமிட் மடல்கள் தனிக் குழுவுக்குப் போகும், ஆனால் அதற்கு நீங்கள் பதில் எழுதினால் அது தானாக விவாதக் குழுவுக்குத் திரும்பும். ஒரே ஒரு ரிப்ளை-டூ வரி. இயந்திரம் பேசும் இடம் ஒன்று, மனிதர்கள் பேசும் இடம் இன்னொன்று, நடுவில் ஒரு கதவு. இந்தக் கதையில் வரும் எல்லா ஸ்கிரிப்டுகளையும் விட அந்த ஒரு வரிக்கு நான் அதிக மார்க் போடுவேன்.

அந்தக் கதவை அதிகம் பயன்படுத்தியவர் கிரெக் ஸ்டைன். ஃபோகல் 2005-இல் வெளியிட்ட 'புரொட்யூசிங் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' புத்தகத்தில் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். சப்வெர்ஷனின் ஆரம்ப நாட்களில் வந்த ஒவ்வொரு கமிட்டையும் ஸ்டைன் வரிவரியாகப் படிப்பார், படித்துவிட்டுப் பதில் எழுதுவார். இங்கே பிழை, இங்கே சந்தேகம், இது நன்றாக இருக்கிறது என்று. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை, வற்புறுத்தவும் இல்லை. கொஞ்ச நாளில் மற்றவர்களும் அதே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அதே மடல், அதே சர்வர், அதே ஸ்கிரிப்ட். கூடுதலாக வந்தது ஒரு மனிதரின் கெட்ட பழக்கம் மட்டும்தான். அனுப்புவதற்கு ஆளாளுக்கு ஸ்கிரிப்ட் எழுதினார்கள். படிப்பதற்கு ஸ்கிரிப்ட் எழுத முடியவில்லை.

ஸ்டைன் மாதிரி ஆள் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? இணையத் தொடர்புகளை மறையாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கும் கமிட் மடல் குழு ஒன்று இருந்தது, யார் வேண்டுமானாலும் சேரலாம். 2011 டிசம்பர் 31 அன்று, கிரீன்விச் நேரப்படி இரவு 10.59-க்கு அந்தக் களஞ்சியத்தில் ஒரு கமிட் விழுந்தது. ஹார்ட்பீட் என்ற வசதியைச் சேர்க்கும் கமிட். எதிர்முனை அனுப்பும் நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பிய ஒரு பிழை அதற்குள் உட்கார்ந்திருந்தது. ஐரோப்பாவில் பாதிப்பேர் கையில் மத்தாப்பும் மீதிப்பேர் கையில் கோப்பையுமாக நின்ற நேரத்தில் டிஃப் படிக்கச் சொன்னால் யார் படிப்பார்கள்? ஜனவரி இரண்டாம் தேதி படித்திருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. யாருடைய கண்ணிலும் அந்தப் பிழை படவில்லை. 2014 ஏப்ரல் 7-இல் அந்தப் பிழை ஹார்ட்பிளீட் என்ற பெயரோடு வெளியே வந்தது. ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை யார் வேண்டுமானாலும் உறிஞ்சலாம் என்று தெரிந்ததும், உலகமே கடவுச்சொல் மாற்ற ஓடியது. தகவலை மறைத்தார்கள் என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் ஊரறியத்தான் நடந்தது.

இதற்கிடையே மடலே வேண்டாம், அரட்டையில் சொல்வோம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருந்தது. சிஐஏ என்ற இலவச சேவை பற்பல திட்டங்களின் கமிட் செய்திகளை வாங்கி, ஐஆர்சி அரட்டை அறைகளில் உடனுக்குடன் அறிவிக்கும். இந்த சிஐஏவுக்கு வாஷிங்டனோடு சம்பந்தமில்லை, ஒற்று வேலை மட்டும் ஒன்று. 2012 செப்டம்பரில் அது ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் சர்வர் தவறுதலாக அழிக்கப்பட்டது. அண்மைய பேக்கப் இல்லை. ஊரெல்லாம் யார் எந்த வரியை அழித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த சேவை, தன் கதையைச் சொல்ல ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தது. உடனே எரிக் ரேமண்ட் இர்க்கர் என்று ஒரு மாற்று எழுதினார். அதன் முக்கியக் குணம், எதையும் சேமித்து வைக்காது. அழிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அழியாது அல்லவா.

கடைசியாக கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது. இங்கே சிவிஎஸ்ஸின் தலைவலி தலைகீழாகத் திரும்பி வந்தது. நிரலாளர் தன் மடிக்கணினியில் இரண்டு மாதம் ரகசியமாகக் கமிட் போட்டுவிட்டு, ஒருநாள் எல்லாவற்றையும் சர்வருக்குத் தள்ளுவார். சர்வருக்குத் தெரிவது அந்தத் தள்ளல் மட்டும். அதற்குள் ஒரு கமிட் இருக்கலாம், எழுநூறும் இருக்கலாம். சில பேர் பழைய வரலாற்றையே அழித்துவிட்டு வேறு வரலாற்றைத் தள்ளுவார்கள். இதற்கெல்லாம் எப்படி மடல் எழுதுவது?

2007-இல் ஆண்டி பார்க்கின்ஸ் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார், கிட்டோடு சேர்ந்தே வந்தது. வரலாறு திருத்தப்பட்டால் அதை மடலிலேயே நட்சத்திரமும் கோடும் வைத்துப் படம் போட்டு விளக்கும் அளவுக்கு அது பொறுமைசாலி. பழைய கிளை இப்படிப் போயிற்று, புதுக் கிளை இப்படிப் பிரிந்தது என்று. ஆனால் திட்டத்தின் பெயரை அது களஞ்சியத்தில் இருக்கும் டிஸ்கிரிப்ஷன் என்ற ஃபைலிலிருந்து எடுக்கும். அந்த ஃபைலில் ஆரம்பத்தில் இருப்பது, 'இது பெயரில்லாத களஞ்சியம், பெயர் வைக்க இந்த ஃபைலைத் திருத்தவும்' என்ற பொருள்படும் ஒரு வாக்கியம். யார் திருத்துவார்கள்? ஸ்கிரிப்டும் மனித சுபாவத்தை எதிர்பார்த்தே இருந்தது. திருத்தப்படாத வாக்கியத்தைக் கண்டால் அதைச் சுருக்கி 'அன்னேம்ட் ப்ராஜெக்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிடும், தலைப்பில் ஒருமுறை, உள்ளே ஒருமுறை, கையெழுத்துப் போடும் இடத்தில் ஒருமுறை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய மென்பொருள்கூட, தன் பெயர் தெரியாமல் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்தது. பெற்றவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. மடலைத் திறந்து பார்த்தால்தானே கேட்பதற்கு.

இதற்கு மாற்றாக மைக்கேல் ஹாகர்ட்டி எழுதிய கிட்-மல்டிமெயில் நல்ல வேலை. தள்ளலுக்கு ஒரு சுருக்க மடல், அதற்குப் பதில்போல் கோக்கப்பட்டு கமிட்டுக்கு ஒரு மடல். இன்பாக்ஸில் எல்லாம் ஒரே சரமாகத் தொங்கும். மொத்தமாக விழுந்து அஞ்சல்பெட்டி வெடித்துவிடாமலிருக்க ஒரு வரம்பும் உண்டு. ஒரு தள்ளலில் அதைத் தாண்டினால் சுருக்கம் மட்டும் போகும். நீங்களாக மாற்றாவிட்டால் அந்த வரம்பு 500. அதாவது 500 மடல் என்பது நிதானமான, நாகரிகமான அளவு.

ஒவ்வொரு கமிட்டும் ஒரு மடலானதும், குறிப்பின் முதல் வரிதான் மடலின் தலைப்பு. 2008-இல் டிம் போப் சொன்ன ஆலோசனை பரவியது: முதல் வரி 50 எழுத்துக்குள், மற்ற வரிகள் 72-க்குள் மடித்து. ஐம்பது எழுத்தில் விஷயத்தைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் முடியாததல்ல. நம் ஆட்கள் அதை மூன்று ஆங்கில எழுத்தில் முடித்தார்கள், 'ஃபிக்ஸ்' என்று. எதை, ஏன் என்பது கமிட் போட்டவருக்கும் அவர் மனசாட்சிக்கும் இடையிலான விவகாரம். பெற்றவர்கள் இதற்கெல்லாம் ஒரு ஃபில்டர் போட்டு, அத்தனையையும் ஒரு தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே படிக்காத மடல்களின் எண்ணிக்கை ஐந்து இலக்கத்தைத் தொட்ட பிறகு யாருக்கும் உறுத்துவதில்லை.

இந்தக் களேபரம் எதிலும் கலந்துகொள்ளாமல் ஓபன்பிஎஸ்டி இன்னும் சிவிஎஸ்ஸிலேயே இருக்கிறது. அதன் கமிட் மடலும் பழைய அச்சுதான். களஞ்சியத்தின் பெயர், மாற்றியவர், தேதி, திருத்திய ஃபைல்கள், குறிப்பு. நான் ஆதரிக்கும் டிஃப் கிடையாது, கோக்கப்பட்ட சரம் கிடையாது. ஆனால் குறிப்பு முடிகிற இடத்தில் அடிக்கடி 'ஓகே' என்று போட்டு, பக்கத்தில் ஒன்றிரண்டு பேரின் பயனர் பெயர் இருக்கும். களஞ்சியத்தில் சேர்க்குமுன்பே மாற்றத்தைப் பார்த்துச் சம்மதித்தவர்கள் அவர்கள். கையேட்டில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால்கூடச் சில சமயம் அந்த ஓகே இருக்கும். மடல் புறப்படும் முன்பே யாரோ அதைப் படித்தாயிற்று.